அவள் இறுக்கிய மூடி

காலையில் எழுந்ததும் அடுப்பைப் பற்ற வைப்பேன். ஒன்றில் குளிக்க வெந்நீர், இன்னொன்றில் காபிக்குத் தண்ணீர். அது காய்வதற்குள் பல் துலக்கி, பால் பாக்கெட்டை எடுத்துவந்து, வாசலில் விழுந்து கிடக்கும் சில்வர் ஓக் மரத்துச் சருகைக் கூட்டித் தள்ளுவேன். காபியை நின்றுகொண்டே குடிப்பேன். தம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பேன். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, சன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு, கள்ள நோட்டு பார்க்கிற ஊதா விளக்கைப் போட்டு, கண்ணாடித் தட்டைப் பார்ப்பேன்.

தட்டில் தேங்காய்ப்பாலும் கடல்பாசியும் சேர்ந்து உறைந்திருக்கும். அதன்மேல் பூஞ்சை. ஊதா வெளிச்சத்தில் பூஞ்சையைச் சுற்றி நீலமாக ஒரு வளையம் தெரியும். கேஸ் அடுப்பைச் சிறிதாக வைத்தால் வருமே, அந்த நீலம். தெரிந்ததும் விளக்கை அணைத்துவிட்டுக் குளிப்பேன். எட்டு மணிக்கு எஸ்டேட் ஆபீஸில் இருக்க வேண்டும். நாகலூருக்கு மேலே ஒரு காபி எஸ்டேட்டில் நான் ரைட்டர், கணக்கு எழுதுகிறவன். வேலை குவார்ட்டர்ஸுடன் சேர்த்து வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வளையம் இல்லை.

விளக்கின் பேட்டரியை மாற்றினேன். சன்னலில் இன்னொரு சாக்கைப் போட்டேன். போன மாதத்துத் தட்டை எடுத்துவந்து விளக்கில் காட்டினேன். அதில் மங்கலாக ஒரு கோடு இருந்தது. ஆக, விளக்கில் குறையில்லை. புதுத் தட்டில்தான் எதுவும் தெரியவில்லை. வெந்நீர் ஆறிப்போயிருந்தது. அப்படியே குளித்தேன்.

பதினோரு மணி பஸ்ஸில் ரம்யா வருவதாக இருந்தது. அந்தப் பூஞ்சையை வாங்கிப்போகத்தான் வருகிறாள்.

பூஞ்சை ஷெர்லினுடையது. ஷெர்லின் என் மனைவி. இறந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது.

அவள் சேலத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. ரம்யா அதே ஆய்வகத்தில் அவளுக்கு இளையவள். ரேஷன் கோதுமையில் பிடிக்கும் பூஞ்சைகள்தான் ஷெர்லினின் பொருள். கல்யாணமான புதிதில் நான் கிண்டல் செய்தேன். "நெல்லே வெளையாத மலையில கோதுமையப் பத்தி என்ன ஆராய்ச்சி?" "வெளையறதப் பத்தி யாருங்க கேட்டா? திங்கறதப் பத்தி" என்றாள்.

இங்கே ரேஷன் கோதுமை வாங்காத எஸ்டேட் வீடு குறைவு. அது வடக்கே விளைந்து, ரயிலில் சேலம் கிடங்குக்கு வந்து, லாரியில் மேலே ஏறுகிறது. வாங்கியதும் பெண்கள் கழுவுவார்கள். காபிக் களத்தில், பழம் காய்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மூலையில் காயப்போடுவார்கள். வெயில் இருந்தால் காயும். மூடுபனி இறங்கிவிட்டால் பாதி ஈரத்தோடு வாரி, காபி கட்டிய பழைய சாக்கில் கொட்டி, பரணில் ஏற்றிவிடுவார்கள். அரைக்கிற அன்று இறக்குவார்கள். காலங்காலமாக அப்படித்தான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது, ஷெர்லின் வந்து கடைமாவுக்கு மாற்றும்வரை.

அவள் வீடு வீடாகப் போய் ஒரு கைப்பிடி கோதுமை கேட்பாள். "இத்தன படிச்சுப்போட்டுக் கடைசியில பிச்சைக்கு வந்துட்டயே ஷெர்லினு" என்பார்கள். சிரித்துக்கொண்டே பையை நீட்டுவாள். மணிகளை ஆய்வகத்தில் வளரவிட்டு, வந்த பூஞ்சைகளைப் பிரித்து, எது நஞ்சு உண்டாக்குகிறது, எதன் டி.என்.ஏ. எதோடு ஒத்துப்போகிறது என்று பார்த்தாள். பார்வைக்கு எல்லாம் ஒரே பூஞ்சைதான், பச்சையும் மஞ்சளும் கலந்த தூள். ஆனால் ரேஷன் கடை மூட்டைகளில் எடுத்தவை ஒரு கூட்டம், மலை வீடுகளில் எடுத்தவை வேறு கூட்டம். மலைக் கூட்டம் காபிக் களத்து மண்ணில் எடுத்தவற்றோடு ஒத்துப்போனது. தானியம் வடக்கு, பூஞ்சை உள்ளூர் என்று எனக்கு விளக்கினாள். சில நஞ்சே உண்டாக்காது. சில கொஞ்சம் உண்டாக்கும். சப்பாத்தியாகச் சுட்டாலும் அந்த நஞ்சு போகாது, நாள்பட ஈரலைக் கெடுக்கும். ஊதா வெளிச்சத்தில் நீலமாக மின்னுவது அந்த நஞ்சுதான்.

ஒன்று மட்டும் இரண்டு கூட்டத்திலும் சேரவில்லை. நஞ்சு உண்டாக்குவதிலும் அதுதான் முதல். கொட்டச்சேட்டில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து எடுத்தது. அது அவளுடைய அம்மா வீடு.

அதற்கு ஆய்வகத்தில் ஓர் எண் உண்டு. ஷெர்லின் எண்ணைச் சொல்லமாட்டாள். "எங்கம்மா இன்னைக்கு எப்படி மின்னுறா பாருங்க" என்று போனில் படம் காட்டுவாள். அது எங்கிருந்து வந்து அந்தப் பரணில் ஏறியது என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் எழுதி முடிப்பேன் என்றிருந்தாள்.

அதற்குள் டெங்கு வந்தது. சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஈரல் வீங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஐ.சி.யு.வுக்குள் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை.

ஈரல் என்ற சொல்லை என் மாமியார் இன்பமேரி அத்தை பிடித்துக்கொண்டார். தன் வீட்டுக் கோதுமை ஈரலைக் கெடுக்கும் என்று மகள் சொன்னது அவருக்கு நினைவிருந்தது. இரண்டையும் முடிச்சுப்போட்டுவிட்டார். டெங்குவிலும் ஈரல் கெடும் என்று பல தடவை சொன்னேன். "ம்" என்பார். அவர் இன்னொன்றும் கேட்பார். கடைசியாக அவள் என்ன சொன்னாள்? நான் பக்கத்தில் இருந்தேன் என்பது அவருக்குத் தெரியும். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். கொஞ்ச நாளில் அவராகவே கோயிலில் சொல்ல ஆரம்பித்தார், "யேசுவே, அம்மாவப் பாத்துக்குங்க"ன்னு சொல்லிட்டுப் போனா என்று. நான் மறுக்கவில்லை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து ரம்யா மேலே வந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயைக் கொடுத்தாள். உள்ளே பச்சையாகப் பூஞ்சை. "அக்காவோடது. உங்ககிட்ட ஒண்ணு இருக்கட்டும்" என்றாள். நினைவுக்காகத் தந்தது. அடுத்த கோடையில் ஆய்வகம் வேறு கட்டடத்துக்கு மாறியது. லீவு நாளில் யாரோ ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போய்விட்டார்கள். அங்கிருந்த ஷெர்லினின் குழாய்கள் எல்லாம் வீணாயின. என்னிடம் இருந்தது மட்டும் மிஞ்சியது.

பூஞ்சையை ஒரே இடத்தில் விட்டால் சாப்பாடு தீர்ந்து செத்துவிடும். சில வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கிள்ளிப் புதுத் தட்டுக்கு மாற்ற வேண்டும். ரம்யாவிடம் போனில் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். ஒண்டிக்கடையில் கடல்பாசி வாங்குவேன். கடைக்கார ஆறுமுகம், "மறுபடியும் இனிப்புங்களா சார்? மாசாமாசம் யாருக்குங்க?" என்பார். வீட்டுக்கு என்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஷெர்லின் எதை மூடினாலும் இறுக்கி மூடுவாள். சீரக டப்பா, ஊறுகாய் பாட்டில், தேங்காய் எண்ணெய், எதையும் அவள் மூடிய பிறகு இன்னொருவர் சட்டென்று திறக்க முடியாது. நான் திட்டுவேன். "வேற ஆளக் கட்டியிருக்கோணும், கையில தெம்பு இருக்கற ஆளா" என்பாள். அவள் போன பிறகு சமையலறையில் ஒவ்வொரு டப்பாவாக நான் திறக்க வேண்டியிருந்தது. திறந்து நான் மூடியதும் அது சாதாரண மூடியாகிவிட்டது. சீரகம் முதலில். ஊறுகாய் வெகுநாள் கழித்து. இப்போது வீட்டில் அவள் இறுக்கியது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். பாதிவரை கோதுமை. அதை நான் தொட்டதில்லை.

ரம்யா பத்து நிமிடம் தாமதமாக வந்தாள். தோளில் பை, கையில் தெர்மோகோல் பெட்டி.

"என்னுங்கண்ணா இப்படி எளச்சுப்போயிட்டீங்க? பூஞ்சைக்கு மட்டுந்தான் சாப்பாடு போடறீங்களா?"

நான் தட்டையும் விளக்கையும் கொடுத்து, "நீயே பாரு" என்றேன். அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே நின்றேன்.

"அண்ணா, பேட்டரி வீக்கா?"

"புதுசு."

கதவு திறந்தது. வெளியே வந்து தட்டைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"இது எப்ப இருந்துங்கண்ணா இப்படி வெள்ளையா வளருது?"

"ஒரு வருசமாச்சு. பொசுபொசுன்னு நல்லா வந்துச்சு. அதனால அந்தப் பக்கத்துலருந்தே எடுத்து மாத்துனேன்."

"பச்சையா இருந்த பக்கம்?"

"அது நோஞ்சானா இருந்துச்சு. விட்டுட்டேன்."

ரம்யா நாற்காலியில் உட்கார்ந்தாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"தட்டுலருந்து தட்டுக்கு மாத்திக்கிட்டே இருந்தா இது சோம்பேறியாயிடுங்கண்ணா. தேங்காய்ப்பால்ல ராஜ வாழ்க்கை. சண்டைக்கு வர்றதுக்கு வேற பூஞ்சை இல்ல, பூச்சி இல்ல. எதுக்கு மெனக்கெட்டு விஷம் பண்ணணும்? கொஞ்சங்கொஞ்சமா அந்த வேலைய விட்டுரும். அப்படி விட்டதுதான் வெள்ளையா, கொழுகொழுன்னு வளரும். நீங்க வேற நல்ல புள்ளையாப் பாத்துப் பாத்துப் பொறுக்கியிருக்கீங்க."

"செத்துருச்சா?"

"உசுரோடதான் இருக்கு. ஆனா அக்கா கண்டுபிடிச்சது இது இல்ல."

அவள் விஷயத்தைச் சொன்னாள். ஷெர்லினின் ஆராய்ச்சியை அவள்தான் கட்டுரையாக எழுதி அனுப்பியிருந்தாள். ஷெர்லின் பெயர் முதலில், தன் பெயர் அடுத்து. பத்திரிகையிலிருந்து பதில் வந்திருக்கிறது. கொட்டச்சேட்டுப் பூஞ்சையை மட்டும் மறுபடி சோதித்து, நஞ்சையும் டி.என்.ஏ.வையும் காட்டச் சொல்கிறார்கள். காட்ட முடியாவிட்டால் அந்தப் பகுதியை எடுத்துவிட வேண்டும். ஆய்வு வழிகாட்டி, எடுத்துவிட்டு மிச்சத்தைப் போடலாம் என்கிறார்.

"அத எடுத்துட்டா மிச்சம் யாரு வேணா எழுதியிருக்கக்கூடியதுதாங்கண்ணா. அக்காவோடதுன்னு சொல்றதுக்கு அதுதான் இருக்கு."

நான் தட்டை அவள் மடியிலிருந்து எடுத்துச் சமையல் மேடையில் வைத்தேன்.

"அம்மா வீட்டுப் பரண்ல அந்தச் சாக்கு இருக்குமா? அதுலருந்து புதுசாப் புடிக்கலாம். வாங்க, போலாம்."

ஃப்ரிட்ஜ் எங்களுக்கு நாலடி தள்ளி ஓடிக்கொண்டிருந்தது. சட்டையை மாற்றிக்கொண்டு வந்தேன். பஸ்ஸுக்குப் போய் நின்றோம்.

கொட்டச்சேட்டில் காபிப் பழம் களம் முழுக்கப் பரப்பியிருந்தது. அத்தை கோயிலிலிருந்து வந்து, பண்டிகைச் சேலையோடேயே வாசலில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்ள. வா கண்ணு, ரம்யாதானே? கோயிலுக்குத்தான் வர்றதில்ல, ஊட்டுக்காச்சும் வந்தீங்களே. உக்காருங்க, காப்பி வெக்கறேன்."

"காப்பி அப்பறங்கம்மா. பரண்ல பழைய கோதுமச் சாக்கு இருக்குதுங்களா? வெறுஞ்சாக்கா இருந்தாலும் போதும்."

அத்தை முறத்தைக் கீழே வைத்தார்.

"சாக்கா? அவளப் பொதச்ச மறுவாரமே அத்தனையும் களத்து மூலையில போட்டுக் கொளுத்திட்டேன் சாமி. பரண வேற சுண்ணாம்படிச்சாச்சு. இப்பக் கோதுமையே வாங்கறதில்ல. ரேஷன் கடைக்காரன் கேக்கறான், ஏனுங்கக்கா, சோத்தையே தின்னா சக்கர வந்துராதான்னு. வந்தா வரட்டும் போடான்னேன்."

ரம்யா என்னைப் பார்த்தாள். நான் களத்தைப் பார்த்தேன்.

"அந்த வெசந்தானே என் புள்ளையக் கொண்டுபோச்சு" என்றார் அத்தை, மிளகைப் பார்த்து.

"இல்லீங்கம்மா. இது வருசக்கணக்குல உள்ள போனாத்தான் கெடுதல் பண்ணும். காய்ச்சல் வந்து ஒரு வாரத்துல ஆளக் கொண்டுபோறது இது கிடையாது. அக்காவுக்கு வந்தது கொசுக் காய்ச்சல்தான்."

"மாப்ளையும் இதத்தான் சொல்றாரு. படிச்சவிய எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்லுவீங்க." முறத்தை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினார். "அதென்ன, ஊர்ல இத்தன ஊடு இருக்கறப்ப என்னூட்டுப் பூசணத்துக்கு மட்டும் இத்தன அலைச்சல்?"

"அதுதாம்மா பெரிய ஆளு. அக்கா அதுக்கு உங்களத்தான் பேரா வெச்சிருந்தாங்க. லேப்ல நாங்க எல்லாருமே அதை எங்கம்மான்னுதான் சொல்லுவோம்."

"என்னையவா? பூசணத்துக்கா?"

"ஆமாங்கம்மா. ஏனுங்கக்கா இப்படின்னு கேட்டோம். பாக்கறதுக்கு அப்பாவியா இருக்கும், ஆனா கோவம் வந்தா வெசத்தக் கக்கும், எங்கம்மாவேதான்னு சொன்னாங்க."

அத்தை கொஞ்ச நேரம் ரம்யாவையே பார்த்தார். பிறகு சிரித்தார். வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். ஷெர்லினும் அப்படித்தான் சிரிப்பாள். நான் எழுந்து வாசற்படியில் போய் நின்றேன்.

"கொழுப்பப் பாரு! அவங்கப்பன் வாயி அப்படியே" என்றார். "அன்னைக்குக் கோதும எடுக்க வந்தவ சும்மாவும் போகுல. நல்ல மூடியா இருக்குதேன்னு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்ல மிளகு போட்டு வெச்சிருந்தேன். மிளக முறத்துல கொட்டிட்டு, சாக்குலருந்து கோதுமைய அள்ளி அள்ளிக் காய வெச்சு அதுல போட்டுக்கிட்டா. எம்பாட்டிலு எங்கடின்னா நாளைக்குத் தரேன், நாளைக்குத் தரேன்னா. இன்னி வரைக்கும் வந்து சேருல."

ரம்யா மெதுவாகத் திரும்பினாள். "அண்ணா?"

"ஃப்ரிட்ஜுல இருக்கு" என்றேன்.

"காலையில நான் கேட்டப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அப்பறம் எதுக்குங்கண்ணா இங்க வந்தோம்?"

இங்கே சாக்கு கிடைத்துவிடும் என்று நினைத்தேன். அதைச் சொல்லவில்லை. அத்தை முறத்தை உள்ளே வைத்துவிட்டு, கதவைப் பூட்டி, செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"வாங்க. எம்பாட்டில நானே வாங்கிக்கறேன்."

திரும்பி வருகிறபோது மூடுபனி இறங்கிவிட்டது. பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தது.

பாட்டிலை எடுத்துச் சமையல் மேடையில் வைத்தேன். கண்ணாடி வியர்த்தது. துணியால் துடைத்தேன். உள்ளே கோதுமை அப்படியே இருந்தது. வண்டு இல்லை.

"அக்கா நல்லாக் காய வெச்சிருக்காங்க. குளிர்லயே இருந்திருக்கு. பொழச்சிருக்க வாய்ப்பிருக்கு" என்றாள் ரம்யா. "பத்திருபது மணி போதுங்கண்ணா. மிச்சத்த உங்ககிட்டயே குடுத்தறேன்."

எத்தனை மணிகளை எடுக்கிறாள் என்பது எனக்குக் கணக்கில்லை. நான் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீல மூடி. ஓரத்தில் வரிவரியாக இருக்கும், பிடித்துத் திருகுவதற்கு.

"அவ மூடுனதா?" என்று அத்தை கேட்டார்.

தலையாட்டினேன்.

"ஸ்கூல் போறப்பவே அப்படித்தான் மாப்ள. தண்ணி பாட்டில இவளே இறுக்கி மூடிக்கிட்டுப் போவா. மத்தியானம் தொறக்க முடியாம டீச்சர்கிட்டப் போயி அழுதுட்டு நிப்பா. சிஸ்டரு என்னையக் கூப்பிட்டு, ஏம்மா உங்கூட்டுல தண்ணிக்குப் பூட்டா போடறீங்கன்னாங்க."

ரம்யா சிரிக்கப்போய் நிறுத்திக்கொண்டாள். "வேணும்னா நான் தொறக்கட்டுங்களாண்ணா?"

"வேண்டாம்."

இடது கையால் பாட்டிலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். வலது கையால் திருகினேன். அசையவில்லை. கை வழுக்கியது. வெந்நீரில் காட்டினால் இளகும் என்றாள் ரம்யா. அப்படிச் செய்ய மனம் வரவில்லை. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தேன். வரிகள் உள்ளங்கையில் பதிந்தன. அவள் திருகிய திசைக்கு எதிர்த்திசை. அவள் கையில் அவ்வளவு பலம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. கடைசி வாரத்தில் தம்ளரைக்கூட நான்தான் பிடித்துக் குடிக்க வைத்தேன்.

மூன்றாவது தடவை கிர்ரென்று ஒரு சின்னச் சத்தம். மூடி சுற்றியது.

மேடையில் வைத்தேன். புகையும் சாக்கும் மிளகும் கலந்து ஒரு வாசம் வந்தது. அத்தை குனிந்தார்.

"ஐயோ, மூக்குகிட்டக் கொண்டுபோகாதீங்கம்மா!"

"இருடி. எங்கூட்டு வாசம்" என்றார் அத்தை. கண்ணை மூடி நின்றார். பிறகு தள்ளிப்போய்ச் சன்னலைத் திறந்துவிட்டார்.

ரம்யா முகக்கவசம் போட்டு, இடுக்கியால் மணிகளை எடுத்துச் சிறு பையில் போட்டாள். என் வெள்ளைப் பூஞ்சையையும் எடுத்துக்கொண்டாள். "இதுவும் வேணுங்கண்ணா. அம்மாவும் புள்ளையும் மாதிரி ரெண்டையும் பக்கத்துல வெச்சா, எது போயி விஷம் நின்னுச்சுன்னு பாக்கலாம். நீங்க கெடுத்தது வீணாப் போகாது." பிறகு, வீட்டில் இனி எதையும் வளர்க்கக் கூடாது என்றாள். "அக்கா இருந்திருந்தா உங்கள ஒதச்சிருப்பாங்க. சோத்துக் குக்கர்லயா இந்தத் தட்டையெல்லாம் வேக வெச்சீங்க?"

"தனிக் குக்கர்."

"நல்ல வேளை."

"இறுக்கி மூடுங்க மாப்ள" என்றார் அத்தை.

முடிந்த மட்டும் இறுக்கினேன். அவர்கள் போன பிறகு திறந்து பார்த்தேன். இரண்டு விரலிலேயே திறந்துகொண்டது.

மறுநாள் காலையில் அடுப்பைப் பற்ற வைத்தேன். சருகைக் கூட்டினேன். காபி குடித்தேன். குளியலறைக்குள் போய்ச் சன்னலில் சாக்கைத் தொங்கவிட்ட பிறகுதான் பார்க்க எதுவும் இல்லை என்பது உறைத்தது. விளக்கைப் போட்டேன். சுவரில் சோப்புக் கறை மட்டும் மின்னியது. அந்த வாரம் முழுக்க அதையே செய்தேன். சாக்கைத் தொங்கவிடுவது, விளக்கைப் போடுவது, அணைப்பது.

ரம்யா இரண்டு தடவை படம் அனுப்பினாள். முதலில் ஒன்றும் முளைக்காத மணிகள். அடுத்து கறுப்பாக ஏதோ வளர்ந்தவை. "இது வேற சாதி. பொறுங்க" என்று எழுதியிருந்தாள்.

அடுத்த ஞாயிறு பிற்பகல் கொட்டச்சேட்டுக்குப் போனேன். பாட்டிலில் மிச்சமிருந்த கோதுமையை ஆய்வகத்துக்குக் கொடுத்தனுப்புவது என்று முடிவாகியிருந்தது. அதனால் ஒண்டிக்கடையில் அத்தைக்குப் புதிதாக ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டேன். அவர் அதைத் தூக்கிப் பார்த்து, மூடியைத் திருகிப் பார்த்து, "பரவால்ல. அது மாதிரி இல்ல" என்றார். களத்துப் பக்கம் உட்கார்ந்திருந்தோம். பழம் பாதி காய்ந்து கறுத்திருந்தது.

போன் அடித்தது. படம். கறுப்பான தட்டில் ஒரே ஒரு கோதுமை மணி. அதைச் சுற்றி நீல வளையம். நான் இரண்டு வருடமாகப் பார்த்து வந்ததைவிடத் தடிமனாக, அழுத்தமாக. ஷெர்லின் முதன்முதலில் காட்டிய படத்தில் அப்படித்தான் இருந்தது. கீழே ரம்யா எழுதியிருந்தாள்: "எங்கம்மா வந்துட்டாங்க. டி.என்.ஏ. பாக்கணும். ஆனா எனக்குச் சந்தேகமே இல்ல."

போனை அத்தையிடம் நீட்டினேன். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"இதுதான் நானா?"

"ஆமாங்கத்தை."

"அழகாத்தான் இருக்கறேன்." போனைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்திருந்தார். "இதத்தான் அவ தெனமும் பாத்துக்கிட்டு இருந்தாளாக்கு?"

"ஆமாங்க."

"நொம்ப ஆசையாத்தான் பாத்திருப்பா." வெளிச்சம் அணைந்தது. விரலால் தொட்டு மறுபடி எரியவைத்தார். "மாப்ள, கோயில்ல நான் சொல்லிட்டுத் திரியறது நானாச் சொல்றது. உங்களுக்குத் தெரியும். நீங்களும் ஒண்ணும் சொல்லுல. இப்பச் சொல்லுங்க. என்ன சொன்னாலும் பரவால்ல."

நான் சொல்லாததற்குக் காரணம் ஒன்றுதான். அவள் சொன்னதில் கோதுமை இருந்தது. அந்தச் சொல்லை அத்தையிடம் கொண்டுபோக முடியவில்லை. வேறு யாரிடமும் சொல்லவும் தோன்றவில்லை. அதை நானே வைத்துக்கொண்டேன்.

ஐ.சி.யு. வாசலில் ஸ்ட்ரெச்சரை நிறுத்தியிருந்தார்கள். உள்ளே படுக்கை தயாராகிக்கொண்டிருந்தது. நர்ஸ் என்னை நகரச் சொன்னார். ஷெர்லின் விரலை அசைத்துக் கூப்பிட்டாள். குனிந்தேன். உதடு வெடித்திருந்தது. குரல் எப்போதும்போல், கடைக்குப் போகிறவனிடம் ஞாபகப்படுத்துகிற மாதிரி இருந்தது. அவள் சொன்னதை அப்படியே அத்தையிடம் சொன்னேன்.

"ஏனுங்க, ஃப்ரிட்ஜுல இருக்கற கோதுமைய எடுத்து அரச்சுப்போடாதீங்க. சப்பாத்தி திங்கோணும்னா ஒண்டிக்கடையில மாவு வாங்கிக்குங்க."